அளவு ஜாக்கெட்

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் புதுத் துணியும் அதற்குள் சுருட்டி வைத்த பழைய ஜாக்கெட் ஒன்றும். அளவு ஜாக்கெட். அம்மா டேப்பைத் தொடமாட்டாள். பழையதை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். எத்தனை தடவை பிரித்துவிட்டிருக்கிறது, கக்கத்தில் எங்கே நைந்திருக்கிறது, எந்தக் கொக்கி மட்டும் வேறு நூலில் தைத்திருக்கிறது என்று பார்த்து முடிப்பதற்குள் வந்தவரின் உடம்பு அவளுக்கு மனப்பாடமாகிவிடும். ஆள் தெரு திரும்பிய பிறகு, "வலது தோளு எறக்கமா இருக்கு, பாவம். அந்தப் பக்கமே பிள்ளையத் தூக்குது போல" என்பாள்.

போன வருடம் அக்டோபரில் லண்டனில் எனக்கும் ஓர் அளவு ஜாக்கெட் கிடைத்தது. உடையவள் இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே 31 அன்று தன் கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம், ஒலிம்பிக் பூங்காவுக்குள். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் எனக்கு அது கூப்பிடு தூரம். இணையத்தில் அவர்களுடைய தொகுப்பைத் துழாவி, ஐந்து பொருள் வரை குறித்துக் கொடுத்து நாள் கேட்டால், எடுத்து மேசையில் வைத்துக் காட்டுகிறார்கள். காசு கிடையாது. ஆராய்ச்சி மாணவி என்று கடிதம் காட்ட வேண்டியதும் இல்லை. பகலில் கணக்கு எழுதி, ராத்திரியில் பழங்கால உடை தைக்கிற என்னைப் போன்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் கேட்டது ஒரே ஒரு பெண்கள் மேல்சட்டை. பதினெட்டாம் நூற்றாண்டு. தைத்த இடம் நெதர்லாந்து. துணி வந்த இடம் என்று போட்டிருந்தது: கோரமண்டல் கரை.

கோரமண்டல் என்பது சோழமண்டலம் வெள்ளைக்காரன் வாயில் பட்ட பாடு. 1690 முதல் 1781 வரை டச்சுக்காரர்களின் சோழமண்டல வியாபாரத்துக்குத் தலைமையிடமே நாகப்பட்டினம்தான். அதற்கு முன்னால் பழவேற்காடு. இந்தச் சட்டைத் துணி எங்கள் துறையிலிருந்துதான் கப்பலேறியது என்று நான் சொல்லவரவில்லை. மசூலிப்பட்டினத்தில் ஏறியிருக்கலாம், சதுரங்கப்பட்டினத்தில் ஏறியிருக்கலாம். ஆனாலும் அந்த அட்டையைப் படித்தபோது, வெளியூர் பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்ப் பெயர் போட்ட பஸ்ஸைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்து ஏழெட்டு வருடமாகிறது. தொடக்கம் அவ்வளவு கௌரவமானதல்ல. பழங்கால உடை உடுத்திக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்து கேக் சாப்பிடும் ஒரு கூட்டத்துக்குத் தோழி கூப்பிட்டாள். 1770களின் கவுன் ஒன்றைக் கடையில் வாங்கிய பேப்பர் பேட்டர்னை வைத்து மெஷினில் ஓட்டினேன். முன்னால் மார்பு வடிவுக்காக நான்கு டாட், அதாவது கூரான மடிப்புத் தையல், பிடித்தேன், பின்னால் ஜிப் வைத்தேன். தையல்காரி மகள் என்ற திமிர் வேறு. அங்கே ஒரு வயதான அம்மையார் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் கேட்டதில் தப்பே இல்லை என்று புரிய ஒரு வருடம் ஆனது.

அந்தக் காலத்து உடையை வெளியிலிருந்து உள்ளே தைக்கவே முடியாது. முதலில் உடம்பை ஒட்டி லினன் உள்ளங்கி. அதன் மேல் ஸ்டேஸ் என்னும் விறைப்பான கச்சு. பிறகு பாவாடைகள், இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும் தனிப் பைகள் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலேதான் கவுனோ சட்டையோ. நம் சுருக்குப் பை மாதிரி, அவர்களுடைய பையும் உடையில் தைத்ததல்ல, தனி உருப்படி. பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். இதை முதல் தடவை கட்டிக்கொண்டபோது, எங்கள் ஆச்சி இடுப்பிலிருந்து வெற்றிலையும் சில்லறையும் எடுத்த தினுசு நினைவுக்கு வந்தது.

ஸ்டேஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு அடுத்த நூற்றாண்டில் வந்த, இடுப்பை நெரிக்கிற கார்செட் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கச்சு இடுப்பை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மார்பிலிருந்து இடுப்புவரை உடம்பை ஒரு கூம்பாக்குகிறது. விறைப்புக்கு அவர்கள் செருகியதைத் திமிங்கல எலும்பு என்பார்கள். பெயர்தான் எலும்பு. உண்மையில் சில திமிங்கலங்களின் வாயில் சல்லடைபோலத் தொங்கும் தகடு அது, நம் நகம் செய்யப்பட்டிருக்கும் அதே பொருள். உடம்புச் சூட்டுக்கு இளகி, உடுத்துகிறவளின் வடிவத்துக்குப் படிந்துகொடுக்கும். நான் செருகியது ஹார்டுவேர் கடையில் வயர் கட்ட விற்கும் பிளாஸ்டிக் டை. சிரிக்காதீர்கள், இந்தப் பித்துப் பிடித்த பாதிப் பேர் அதைத்தான் செருகுகிறார்கள். வரிசை வரிசையாகக் கையால் குழாய் தைத்து முடிக்க மூன்று மாதமாயிற்று. கட்டிக்கொண்டதும் தோள்பட்டை தானாகப் பின்னால் போனது. கூன் போட்டு உட்கார முடியவில்லை. கணினி முன்னால் இருபது வருடம் வளைந்த முதுகு, என்னவோ தண்டனை கிடைத்ததுபோல நிமிர்ந்தது. அதன் மேல் பழைய கவுனைப் போட்டுப் பார்த்தால் ஒரு டாட்டும் உடம்பில் உட்காரவில்லை. மார்புக்கு என்று நான் பிடித்த கொள்ளளவு எல்லாம் காற்றுப்பையாகத் தொங்கியது. கவுனைப் பிரித்துத் தலையணை உறையாக்கிவிட்டேன்.

அதிலிருந்துதான் அசலைப் பார்க்காமல் தைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அசலைப் பார்ப்பது என்றால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதல்ல. காட்சிக்கூடத்தில் துணிகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் காட்டமாட்டார்கள். அதற்கு மேல் போனால் சாயம் வெளுக்கும். அந்த அந்தியிருட்டில் பொம்மை மேல் நிற்கிற உடை அழகாகத்தான் இருக்கும். தையல்காரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஜேனட் ஆர்னல்ட் என்று ஓர் அம்மையார் இருந்தார், 1998இல் காலமானார். அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய், பழைய உடைகளை அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டம் போட்ட தாளில் வரைந்து வெளியிட்டார். எந்த இடத்தில் ஒட்டு, எந்த இடத்தில் மடிப்பு என்பதுவரை அதில் இருக்கும். எங்கள் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

சட்டைக்கு வருகிறேன்.

பணியாளர் பெட்டியைத் திறந்து, மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாக விலக்கினார். வெள்ளைத் தரையில் சிவப்புப் பூக்கள், ஊதா நிழல் விழுந்த மொட்டுகள், வளைந்தோடும் கொடி. இலைகள் எல்லாம் நீலம். துணியில் இன்னும் ஒரு மினுமினுப்பு இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பென்சிலை எடுக்கத் தோன்றவில்லை. பிறகு, உள்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் இரண்டு கையாலும் குழந்தையைக் குளிப்பாட்டத் திருப்புவதுபோலத் திருப்பினார்.

உள்ளே பழுப்பு லினன் லைனிங். கையின் அடிப்பக்கம், அதாவது கையைத் தொங்கப்போட்டால் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும் பக்கம், ஐந்து துண்டுகளால் ஆனது. ஐந்தும் வெவ்வேறு ஆகாரம். ஒரு பூ கக்கத்தில் பாதியோடு நின்றது. அதன் மறுபாதி முதுகு மடிப்பின் உள்ளே தலைகீழாகக் கிடந்தது. முன்பக்கத்தில் மட்டும் இரண்டு பக்கப் பூவும் கண்ணாடியில் பார்த்ததுபோலப் பொருந்தியிருந்தது. வெளியே தெரிகிற இடத்தில் தையல் எறும்பு ஊர்வதுபோலப் பொடிசு. உள்ளே போனால் ஒரு விரற்கடைக்கு நான்கு எட்டு வைக்கிற அவசரம். பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடித்து விட்டிருந்தது. அந்த மடிப்பை ஒட்டி, நூல் இல்லாத ஊசித் துளைகள் ஒரு வரிசை. பிரித்து விட்டிருக்கிறார்கள். ஒன்று, இவள் சதை போட்டிருக்கிறாள். இல்லையென்றால் சட்டை இன்னொருத்திக்குக் கை மாறியிருக்கிறது. இடது கக்கத்தில் மட்டும் வேர்வைக் கறை. அம்மா இருந்தால் இடது கைக்காரி என்று முடிவே கட்டியிருப்பாள்.

தையல் கூலியைவிடத் துணி விலை உயர்ந்திருந்த காலம் என்று படித்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஐந்து துண்டை ஒட்டி ஒரு கை செய்ய ஆகிற நேரத்தில் நான் புதுத் துணியில் இரண்டு கை வெட்டி முடித்திருப்பேன். அவள் அப்படி வெட்டவில்லை. ஒரு சாண் துணியையும் வீசியிருக்கமாட்டாள்.

அந்தத் துணி ஏன் அவ்வளவு அருமையானது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும் என்று, வேண்டாத வேலையொன்றில் இறங்கினேன்.

அந்தப் பூப்போட்ட சாயத்துணிக்கு ஆங்கிலத்தில் சின்ட்ஸ், டச்சில் சிட்ஸ், போர்ச்சுகீசியத்தில் சீட்டா. புள்ளி, தெறிப்பு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அதுதான் சீட்டி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சீட்டிப் பாவாடை என்றால் வீட்டோடு கட்டுகிறது, மட்டமானது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சீட்டியில் தைத்துக் கொடுத்தாள் என்று அம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஐரோப்பியச் சீமாட்டிகள் அதற்குத் தவம் கிடந்தார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

கர்டூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இந்தச் சாயமேற்றும் முறையைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதைக் கவனித்து எழுதினவர் என்று மொழியியல்காரர்களுக்கு அவரைத் தெரியும். சாயக்காரர்களில் கிறிஸ்தவர்களாகியிருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவருக்குச் சில வருடம் முன்பே புதுச்சேரியில் போல்யூ என்ற கடற்படை அதிகாரி ஒருவர், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு துணியை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்றும் இருக்கின்றன. பக்தியோடோ ஆர்வத்தோடோ செய்ததல்ல, தொழில் ரகசியத்தைக் கொண்டுபோய்த் தங்கள் ஊரில் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கோபப்படலாம். அவர்கள் எழுதி வைக்காமல் போயிருந்தால் நான் படிக்க ஏதும் இருந்திருக்காது என்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

முறை இதுதான். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் நனைத்துக் காயப்போட வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு காரத்தை, அதாவது சாயத்தைத் துணியோடு பிணைக்கிற துருவையும் படிகாரத்தையும், பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, வரைகிற கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். காய்ந்ததைக் கட்டையால் அடித்து வழவழப்பாக்கி, கரித்தூளால் சித்திரத்தைப் பதிக்கிறார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்புத் துருக் கரைசல், சிவப்புக்குப் படிகாரம், இரண்டும் கலம் என்னும் மூங்கில் பேனாவால். இந்த இடத்தில் துணியில் சிவப்பென்று ஒன்றும் இருக்காது. சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் இறங்கினால்தான் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய அழுக்குச் சிவப்பைப் போக்கச் சாணித் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் நனைத்து நனைத்துப் போடுகிறார்கள். நீலத்துக்கு நேர் எதிரான வழி: நீலம் ஏறக்கூடாத இடம் அத்தனைக்கும் உருக்கிய மெழுகைப் பூசி, அவுரித் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அந்தச் சட்டையின் வெள்ளைத் தரை முழுவதும், கொடிக்கும் கொடிக்கும் நடுவே, யாரோ மெழுகு பூசியிருக்கிறார்கள். பிறகு மெழுகைக் கொதிநீரில் எடுத்துவிட்டு மறுபடி காரம், மறுபடி சாயவேர். கடைசியில் நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை.

நான் பார்த்த இலைகள் நீலமாக இருந்ததற்குக் காரணம் அந்த மஞ்சள். மற்றச் சாயமெல்லாம் துவைத்தாலும் போகாது, மஞ்சள் மட்டும் வெளிச்சத்துக்கு ஓடிவிடும். பச்சையிலிருந்து மஞ்சள் கழன்று நீலம் மட்டும் நிற்கிறது. ஐரோப்பாவில் இன்று அசல் சின்ட்ஸ் நகல் என்று அச்சடித்து விற்கும் துணிகள் சிலவற்றில் நீல இலையையே அச்சடிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தாத்தாவின் கல்யாண போட்டோ மங்கிவிட்டது என்பதற்காக அவர் பழுப்பு நிற வேட்டி கட்டினார் என்று சொல்கிற மாதிரி.

சாயவேரை நாகப்பட்டினத்துக்காரி லண்டனில் தேடினால் சிரிப்பார்கள். கடலோர மணலில் தானாக முளைக்கிற சின்னச் செடி, இம்பூறல் என்றும் சொல்வார்கள். அதன் வேருக்காக மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் ஏகபோகம் வைத்திருந்தார்கள். சிப்பித்தூள் கலந்த மணலில் விளைந்த வேரில் சிவப்பு அதிகம் என்று பெயர். கிருஷ்ணா நதி முகத்துவார வேருக்கு அதனால்தான் அத்தனை மவுசு. காரணம் சுண்ணாம்புச் சத்து. அலிசரின் என்னும் சிவப்புச் சாயப்பொருள் படிகாரத்தோடும் சுண்ணாம்போடும் சேர்ந்தால்தான் பளிச்சென்று ஏறும். 1868இல் அதே அலிசரினை ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். மணலைத் தோண்டுகிறவர்களின் பிழைப்பு அதோடு போயிற்று.

எனக்குக் கிடைத்தது ஐரோப்பிய மேடர் வேர், நம் மஞ்சிட்டிக்கு உறவு. அதிலும் அலிசரின்தான். லண்டன் குழாய்த் தண்ணீர் கெட்டிலில் ஓடுபோலச் சுண்ணாம்பைப் படியவிடும். தினமும் அதைத் திட்டுவேன். அன்றைக்கு அந்தத் தண்ணீர்தான் கைகொடுத்தது. கைக்குட்டை அளவு துணியில் சிவப்பு, குங்குமம் மாதிரி ஏறியது. ஆனால் கோடு கசிந்து பூவெல்லாம் பூச்சி அரித்த மாதிரி ஆகிவிட்டது. எருமைப்பாலுக்குப் பதில் கடைப் பசும்பாலை ஊற்றினதாலா, கை பழகாததாலா, எதுவானாலும் கசிந்தது கசிந்ததுதான். பால் நனைத்த துணியைப் பால்கனியில் காயப்போட்ட மூன்றாம் நாள், மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்தார். அத்தோடு சாயக்காரி ஆசையை விட்டேன். மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் அச்சு வைத்த கலம்காரித் துணி மூன்று மீட்டர் வரவழைத்தேன். அச்சுக்கும் கலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை நான். பச்சை இலை பச்சையாகவே இருந்ததில் ஓர் ஆறுதல்.

மினுமினுப்புக்கு மட்டும் பழைய வழிக்கே போனேன். அவர்கள் அரிசிக் கஞ்சி போட்டுச் சங்கால் தேய்த்து மெருகேற்றினார்கள். நான் வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டிப் போட்டு, காய்ந்ததும் மேசை மேல் விரித்து, எவர்சில்வர் டம்ளரின் அடியால் தேய்தேய் என்று தேய்த்தேன். மூன்று மீட்டருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீடெல்லாம் அம்மாவின் காட்டன் புடவை வாசனை.

நெதர்லாந்தில் தைத்த சட்டையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் இருந்துகொண்டு ஆங்கிலச் சட்டையாகப் பார்க்கக்கூடாதா? இங்கே அதை உடுத்துவதே குற்றமாக இருந்தது. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கூச்சல் போட்டு, 1701லிருந்து இந்தியச் சாயத்துணிக்குத் தடை. அது போதாதென்று 1721இல் இன்னொரு சட்டம்: அச்சிட்ட, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்தியிருந்தாலே 5 பவுண்ட் அபராதம், காட்டிக்கொடுத்தவனுக்குப் பணம். அதற்கு முன்னால் 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் சீட்டி கட்டிய பெண்களைத் துரத்தித் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மையையும் திராவகத்தையும் வீசினார்கள். இன்றைக்கு பிரிக் லேனுக்குப் பக்கத்தில், நான் பிரியாணி சாப்பிடப் போகிற தெருக்கள். வயிற்றுப் பிழைப்புக்குக் கொதித்தவர்கள்தான் அவர்களும். ஆனால் கையை வைத்தது கப்பல் முதலாளி மேல் இல்லை, சந்தைக்குப் போன பெண் மேல். பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை தடை. நெதர்லாந்து மட்டும் தடுக்கவில்லை. விற்கிறவர்களே அவர்கள், தடுப்பார்களா? அதனால்தான் இன்று லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சின்ட்ஸ் உடை அவ்வளவு இருக்கிறது. ஹிண்டலோப்பன் என்ற துறைமுக ஊரில், துக்கம் காக்கிற பெண்கள் நீலமும் வெள்ளையும் மட்டும் உள்ள சின்ட்ஸ் உடுத்துவார்களாம். சிவப்பு இல்லாத சீட்டி என்று தனியாக ஆர்டர் கொடுத்து, எங்கள் கரையில் யாரோ மெழுகு பூசி அனுப்பியிருக்கிறார்கள், கடல்கடந்து யாருடைய சாவுக்கு என்று தெரியாமலே.

அருங்காட்சியகம் வைத்திருப்பது பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் உடை. மற்றவர்களுடையது கந்தலாகி, கைத்துணியாகி, கடைசியில் காகித ஆலைக்குப் போயிற்று. ஒரு விதிவிலக்கு லண்டனிலேயே இருக்கிறது. தாமஸ் கோரம் தொடங்கிய அனாதைக் குழந்தைகள் இல்லம் 1741இல் கதவு திறந்தது. வளர்க்க வழியில்லாத தாய்மார் கொண்டுவந்து விடும் குழந்தைக்கு அடையாளமாக, அதன் உடுப்பிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டை வெட்டி, பதிவுத்தாளில் குண்டூசியால் குத்தி வைத்தார்கள். பின்னால் வந்து கேட்டால் துணியை வைத்துப் பிள்ளையை அடையாளம் காணலாம். அப்படி 5,000க்கு மேற்பட்ட துண்டுகள், 1760 வரையிலானவை, இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாதாரணப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு பிரிட்டனில் இதைவிடப் பெரிய தொகுப்பு கிடையாது. நான் படங்களில்தான் பார்த்தேன். பூப்போட்ட துணிகள் நிறைய. அவற்றில் பல, சீட்டியைப் பார்த்து உள்ளூரில் லினனில் அச்சடித்தவை. ஏழைப் பெண் பூப்போட்டு உடுத்தியிருப்பாளா என்ற என் சந்தேகம் தீர்ந்தது. அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

தையலுக்கு அம்மா சொல்லிக் கொடுத்ததில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. நாம் அளவெடுத்து, பேப்பரில் வெட்டி, துணியில் போட்டு வெட்டி, தைத்த பிறகு உடம்பில் போட்டுப் பார்க்கிறோம். அவர்கள் லைனிங்கை மட்டும் வெட்டி, உடுத்துகிறவள் மேல் போட்டு ஊசி குத்தி, அதன் மேல் சீட்டியைப் படியவைத்து, உபரித் துணியை முதுகில் கொசுவமாக மடித்துத் தைத்தார்கள். வெட்டி எறிவதே இல்லை. பின்னால் பிரித்தால் முழுத் துணி திரும்பக் கிடைக்கும். இதைத் தனியாக ஒருத்தி தன் மேலேயே செய்துகொள்ள முடியாது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவைக் கூப்பிட்டேன். கச்சைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். வாயில் பத்து குண்டூசியை வைத்துக்கொண்டே, "கொஞ்சம் ஆடாமல் நில்லும் பிள்ளை, பிறகு நான் குத்திப்போட்டன் எண்டு சொல்லக்கூடாது" என்றார். நின்ற ஒன்றரை மணி நேரத்தில் அவருடைய மருமகள் கதையும் முழுக்க முடிந்தது.

கை ஏற்றுவதுதான் உயிரை வாங்கியது. அந்தக் காலத்துக் கைக்குழி சின்னது, பின்னால் தள்ளியது. கச்சு தோளைப் பின்னால் இழுத்துவைப்பதால் அவர்களுக்கு அது பொருந்தும். என் உடம்பு, கச்சு போட்டாலும், கணினிக்கு முன்னால் உட்கார்ந்த உடம்புதான். மூன்று தடவை பிரித்தேன். கக்கத்தில் என் சட்டைக்கும் ஒட்டு வேண்டியிருந்தது, வேண்டுமென்றே அல்ல. மூன்று மீட்டரில் முன்பக்கப் பூவைப் பொருத்தப்போய்க் கைக்குத் துணி பற்றவில்லை. நான்கு துண்டு சேர்த்து ஒட்டினேன். தேன்மெழுகு தடவிய லினன் நூலில் ஓட்டுத்தையலும் கெட்டித்தையலுமாக, மெஷினைத் தொடாமல், மொத்தம் எழுபத்திரண்டு மணி நேரம். கணக்கு எழுதுகிறவள் அல்லவா, குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் காலத்துத் தையல்காரி இதை இரண்டு நாளில் முடித்திருப்பாள். பாதி வழியில் எனக்கும் உள்தையலில் எட்டு பெரிதாகிவிட்டதைக் கவனித்தேன்.

போன தை மாதம் ஊருக்குப் போகும்போது சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மெஷினைக் கொடுத்தாயிற்று, ஊசி கோக்க மட்டும் பேத்தி வேண்டும். சட்டையை மடியில் வைத்தேன். முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. புரட்டினாள். திண்ணை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"சீட்டிதானே இது? இதுக்கா இவ்ளோ பாடு?"

"ம்."

விரலை உள்தையல் மேல் ஓட்டிக்கொண்டே போனாள். கக்கத்து ஒட்டில் நின்றாள். "ஒட்டுப் போட்டது தெரியல. பரவால்ல." பக்கவாட்டில் உள்ளே விட்ட துணியை இழுத்துப் பார்த்து, "ரெண்டு இஞ்சு விட்டுருக்க, நல்லது" என்றாள். பிறகு, "கொக்கி எங்கடி?"

"கொக்கி கெடையாதும்மா. குண்டூசிதான் குத்திக்கணும்."

"பிள்ளையத் தூக்குனா குத்தாது?"

உள்ளே கச்சு கெட்டியாக இருக்கும், ஊசியின் முனை அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை. என்னை எழுந்து நிற்கச் சொன்னாள், போட்டுக்கொள்ளச் சொன்னாள். சுடிதார் மேலேயே போட்டுக்கொண்டேன். என் பின்னால் வந்து நின்று, தோளைத் தட்டி நிமிர்த்தினாள்.

"இடது கை பின்னாடி இழுக்குது பாரு. கழட்டு."

எனக்குத் தெரியும். லண்டனில் மூன்றாம் தடவை பிரித்துத் தைத்தபோதே தெரியும். யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டது. கழற்றிக் கொடுத்தேன். அம்மா தலைமாட்டுப் பெட்டியிலிருந்து பழைய பிளேடு ஒன்றை எடுத்து, எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரத்தைக் கண்ணெதிரே அறுத்து எடுக்க ஆரம்பித்தாள். பேத்தியை ஊசி கோக்கக் கூப்பிட்டாள்.